கைக்காசை வெயிலில் போடுவதா, காற்றில் போடுவதா?

அப்பா நூல் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணமும், முடிந்த ஏலச்சீட்டும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு 15 லட்ச ரூபாய் வந்தது. திருப்பூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு தொகை கைக்கு வந்தால் பெரும்பாலும் அது சைட் ஆகும், இல்லையென்றால் நகை ஆகும். எங்கள் வீட்டில் இந்தத் தடவை நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். பவர்டேபிள் (கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் கம்பெனி) நடத்தும் அண்ணன், கம்பெனிக் கூரையில் சோலார் போடலாம் என்றான். அப்பாவுக்கு வீட்டு மொட்டைமாடியில் போட வேண்டும் என்று ஆசை. மூலனூர் மாமா, ஒரு பழைய காற்றாலையில் பங்கு விலைக்கு வருகிறது, விடக்கூடாது என்றார். அம்மா தங்கத்தை விட்டு நகரவே இல்லை.

நான் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அப்படி இருபது கம்பெனியின் கரண்ட் பில் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் எது லாபம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் அலைந்து, பார்த்து, விசாரித்துப் போட்ட கணக்கு இது. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில், காற்று மின்சாரத்தில் பணம் போடலாம். கொங்கு நாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய முதலீடு இது. ஆனால் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று இறங்கினால் கொஞ்சமாகப் பணம் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. நாம் பகலில் எரிக்கிற கரண்டை நாமே உண்டாக்கிக்கொள்வதில்தான் லாபம். காசு கொடுத்து வாங்காமல் விட்ட யூனிட்தான் நமக்கு வருமானம். இந்த ஒன்றை மனதில் வைத்துப் பார்த்தபோது நாலு யோசனைக்கும் பதில் தானாகவே கிடைத்தது.

இது நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரம் கம்பியில் இறங்கி வந்த பிறகுதான் கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் பெருகின. மலையில் விழுந்த மழைத் தண்ணீரில் ஓடியவை அந்த மில்களின் நூற்புக் கதிர்கள். அறுபது வருடம் கழித்து, 1990-களில் மில்காரர்கள் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2012-ல் இந்த ஊரில் தொழில் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கரண்ட் என்றால் என்ன என்று அவர்கள் சொல்வார்கள். மணிக்கணக்கில் வெட்டு. பாதித் தையலில் மிஷின் நின்றுபோகும், ஜெனரேட்டருக்கு டீசல் கேன் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த வருடம் டீசல் செலவு என்று ஒரு தலைப்பை நோட்டில் தனியாகத் திறக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

சரி, வீட்டுக் கணக்கு.

மத்திய அரசின் சூரியவீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். ஆக 3 கிலோவாட் போட்டால் 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அதே 78,000-தான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். அதற்கு ஏறத்தாழ 100 சதுரடி நிழல் விழாத இடம் வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு ஏசி. கோடையில் கூடும், ஐப்பசியில் குறையும். சராசரியாக இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது. பில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் உண்டு; பகலில் வெளியே போன யூனிட், ராத்திரி உள்ளே வந்த யூனிட்டோடு கழிந்துவிடும். மிச்சம் 80 யூனிட்தான் நிற்கும். அது முதல் 100 இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டால் வருடத்துக்கு முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே மிச்சம். எங்களுக்குக் கொடுத்த விலை 1,95,000. மானியம் போக 1,17,000. நாலே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்.

இதே கணக்கை எங்கள் எதிர்வீட்டு அத்தைக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கிறார்கள், பில் எழுநூறு ரூபாய் சுற்றி. அவர்கள் 1 கிலோவாட் போட்டால் மானியம் போகக் கைக்காசு 40,000 ஆகும், வருடத்துக்கு நாலாயிரம் மிச்சம். பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அத்தைக்கு அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள் என்றுதான் சொன்னேன்.

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஏன் இப்படி? நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. கீழ்ப் படியில் யூனிட் இரண்டு ரூபாய்ச் சொச்சம். 500-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தக் கீழ்ப் படிச் சலுகை போய்விடும், மேல் படி எட்டு ரூபாய்க்கு மேலே. சோலார் முதலில் அறுப்பது அந்த மேல் படிகளைத்தான். அதனால் விற்க வருகிறவர் கிலோவாட் கணக்கு பேசும் முன் ஒரு வருட ரீடிங் அட்டையைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் வந்து மாடியை அளந்த ஆள், மேற்கே இருக்கும் தென்னை மரத்தைக் காட்டியபோது, "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு சோலார் பலகைக்கும் மேற்குப் பக்கமாகவே கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கு ஒருமுறை மாடிக்குப் போய், நிழல் விழும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தேன். இரண்டரை மணிக்கே மட்டை நிழல் இரண்டு பலகையைத் தொட்டுவிட்டது. நாலு மணிக்கு நாலு பலகை. பலகைகள் ஒன்றோடொன்று வரிசையாக இணைக்கப்பட்டவை. களத்தில் மாடுகளை ஒன்றாகப் பிணைத்துப் பிணையல் ஓட்டும்போது ஒரு மாடு நொண்டினால் மொத்தப் பிணையலும் அதன் நடைக்குத்தானே நடக்க வேண்டும்? அந்த மாதிரி ஒரு பலகையில் விழுந்த நிழல் வரிசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். இதைச் சமாளிக்கப் பலகைக்குள்ளேயே ஏற்பாடு உண்டு என்றாலும் இழப்பு இழப்புதான். மரத்தை வெட்டிவிடலாம் என்றார் அந்த ஆள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நானும்தான். வேறு ஆளைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியை நகர்த்தி, ஆறு பலகையையும் கிழக்குப் பக்கமாகத் தள்ளி வைத்தோம். அதற்கு எட்டாயிரம் கூடுதல் செலவு.

இன்னொன்று. கரண்ட் போனால் கூரையில் வெயில் கொளுத்தினாலும் சோலாரும் நின்றுவிடும். நிறையப் பேருக்கு இது பொருத்திய பிறகுதான் தெரிகிறது. லைனில் வேலை பார்க்கிறவர் மீது நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். வெட்டு நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரி சேர்க்க வேண்டும். விலை ஏறும், நாலு வருடக் கணக்கு ஏழெட்டு ஆகிவிடும். எங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது அண்ணனுடைய கம்பெனி. இங்கேதான் பெரிய பணம், பெரிய யோசனை.

நாற்பது மிஷின், அயர்ன் டேபிள், கம்ப்ரசர், விசிறி, லைட். காலை எட்டரைக்கு ஷிப்டு ஆரம்பித்தால் ஐந்து மணி வரை, ஆர்டர் இருந்தால் எட்டரை வரை. நாளைக்கு 90, 100 யூனிட் ஓடும். அதில் வெயில் நேரத்தில் ஓடுவது 70 சுற்றி. தையல் யூனிட்டைப் போல் சோலாருக்குப் பொருந்துகிற தொழில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். சூரியன் வரும்போது இவர்களும் வருகிறார்கள், சூரியன் சாயும்போது பாதிப் பேர் கிளம்புகிறார்கள்.

விற்க வந்தவர் 30 கிலோவாட் போடச் சொன்னார். கூரையில் இடம் இருக்கிறது, பில்லே வராது என்றார். நான் 15 போதும் என்றேன். காரணம் இதுதான். கம்பெனி இணைப்புக்கு வீட்டைப் போல யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது கிடையாது. நாம் எரித்தது போக மீந்ததை வெளியே அனுப்பினால் அதற்குத் தனி விலை. நாம் வாங்குகிற விலையில் பாதிகூட வராது. உள்ளே எரித்தால் எட்டு ரூபாய், வெளியே விட்டால் மூன்று ரூபாய் என்றால் மீதி உண்டாக்குவதற்காக யாராவது லட்சக்கணக்கில் பணம் போடுவார்களா? தவிர, அனுமதி வாங்கிய லோடுக்கு மேல் சோலார் போடவும் முடியாது.

15 கிலோவாட்டுக்கு ஏழரை லட்சம். 2025 செப்டம்பரில் சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியதால் விலை கொஞ்சம் கைக்கு அடங்கியிருக்கிறது. வருடத்துக்கு 21,000 யூனிட்டுக்கு மேல் உற்பத்தி ஆகும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் லீவு எல்லாம் கழித்தால் 18,000 யூனிட் உள்ளேயே எரியும். யூனிட் எட்டு ரூபாய், அதில் மின்வாரியம் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு ஒன்றரை ரூபாய் போகும் என்று வைத்துக்கொண்டேன். 1,17,000 மிச்சம். லீவு நாளில் வெளியே போவதற்கு ஒரு பத்தாயிரம். ஆக ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டி வருகிறது. ஆறு வருடத்தில் போட்ட முதல் கைக்கு வரும். பலகைக்கு 25 வருட உத்தரவாதம். வருடத்துக்கு அரை சதவீதம் போல் உற்பத்தி குறையும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரும், அதற்கு இப்போதே ஒரு சிறு சீட்டுப் போட்டு வைப்பது நல்லது.

அதே ஏழரை லட்சம் வங்கியில் 7 சதவீதத்தில் இருந்தால் வருடத்துக்கு 52,500 வரும். முதல் அப்படியே இருக்கும். சோலாரில் முதல் கரைந்துகொண்டே போகும். இதை மறைத்துவிட்டு "17 சதவீத வருமானம்" என்று சொல்வது நியாயமில்லை. முதலையே வருடாவருடம் பிய்த்துப் பிய்த்துத் திருப்பித் தருகிறது, ஆறாம் வருடத்துக்குப் பிறகு தருவதெல்லாம் லாபம், அவ்வளவுதான். அப்புறம் வரி. வீட்டில் மிச்சமாகும் கரண்ட் பில்லுக்கு வருமான வரி கிடையாது. கம்பெனியில் கரண்ட் செலவு குறைந்தால் லாபம் கூடும், கூடிய லாபத்துக்கு வரி உண்டு. அதற்கு ஈடாக, சோலாருக்கு வருடத்துக்கு 40 சதவீதத் தேய்மானம் (சாமானின் மதிப்பு குறைவதைச் செலவாகக் காட்டுவது) எழுதிக்கொள்ளலாம். முதல் மூன்று வருடம் அது நன்றாகவே கைகொடுக்கும், ஆனால் வரி கட்டுகிற அளவுக்கு லாபம் இருப்பவருக்கு மட்டும். நஷ்டத்தில் ஓடும் யூனிட்டுக்குத் தேய்மானத்தைக் காட்டி விற்க வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பில்லே வராது என்பதும் நடக்காது. யூனிட் விலை ஒரு பக்கம் என்றால், லோடுக்குக் கட்டும் நிலைக்கட்டணம் இன்னொரு பக்கம். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது சிறுதொழில்காரர்களை அதிகம் அடித்தது அந்த நிலைக்கட்டணம்தான். கோவையிலும் திருப்பூரிலும் கதவடைப்பு வரைக்கும் போனது அதற்காக. சோலார் அதில் ஒரு பைசாவைக் குறைக்காது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது வரும்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் செட் சொந்தம், தகரக் கூரை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் இது. அடிச் சட்டத்துக்குக் கொடுக்கும் காசில் பிசுனாறித்தனம் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் முதலில் கூரையை மாற்றுங்கள். வாடகை செட் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். நான் கணக்கு எழுதும் யூனிட்டுகளில் முக்கால்வாசி பதினொரு மாத அக்ரிமெண்டில் ஓடுபவை. ஆறு வருடத்தில் முதல் வரும் சாமானைப் பதினொரு மாதக் கூரையில் போட முடியுமா? பலகை யாருடையது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாமா, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி, நீண்ட கால ஒப்பந்தமாகப் பதிவு செய்துகொண்டால் மட்டும் இறங்கலாம்.

போன மாதம் ஒருநாள் வேறொரு யூனிட்டின் கூரைக்கு ஏறினேன். பக்கத்தில் நிட்டிங் கம்பெனி. எக்சாஸ்ட் விசிறி வழியாக வந்த பஞ்சுத்தூசு பலகை மேல் மெல்லிய போர்வை மாதிரி படிந்திருந்தது. அதன் மேல் பனி இறங்கி, காய்ந்து, ஒட்டிப்போயிருந்தது. விரலால் தேய்த்தால் சுருண்டு திரி மாதிரி வருகிறது. அவர் பொருத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது, ஒருதடவைகூடக் கழுவவில்லை. சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சித் துடைப்பம் போட்டோம். மறுநாள் கைபேசியில் பார்த்தபோது உற்பத்தி கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியிருந்தது. நம் ஊரில் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும், விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ. கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளையாகப் படியும், மழைத் தண்ணீர் சேமித்து வைத்தால் உத்தமம்.

தறிக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். நாலு தறி வைத்து ஓட்டுகிறவருக்கு அந்த இலவசம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சோமனூர், பல்லடத்தில் சிறு தறிக்காரர் பலருக்கு இப்போதைக்குச் சோலார் தேவையில்லை.

தோட்டத்துக்கும் இதே கதைதான். மின்கட்டணத்தில் ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் போராடி, 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட மண் இது. இன்றைக்குக் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்றால் அதில் அவர்கள் ரத்தம் இருக்கிறது. இலவச இணைப்பு உள்ளவர் சோலார் பம்பு வாங்கினால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. இணைப்புக்கு எழுதிவைத்துக் காத்திருப்பவர், டீசல் எஞ்சினில் தண்ணீர் கட்டுபவர், இவர்களுக்கு மானியத்தோடு கிடைக்கும் சோலார் பம்பு நிஜமான உதவி. ராத்திரி ஷிப்டு கரண்டுக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டாம், பாம்புக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து இழுக்க அந்தப் பம்புக்குத் தெம்பு கிடையாது. கிணறு, அல்லது நீர் மேலாக நிற்கும் போர் என்றால் சரி. அப்புறம், வெயில் இருக்கும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் நிலத்தடி நீர் ஏற்கனவே எந்த நிலையில் இருக்கிறது என்பது தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி மாமாவின் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் புறப்படும் காற்று புரட்டாசி வரை நம் பக்கம் வீசித் தள்ளும். வருட உற்பத்தியில் பெரும்பகுதி இந்த நாலைந்து மாதத்தில்தான். 90-களில் காற்றாலை வாங்கினால் முதல் வருடமே 100 சதவீதத் தேய்மானம் எழுதலாம் என்றிருந்தது. அப்போது நட்டவை 225, 250 கிலோவாட் சிறிய மிஷின்கள். இன்றைக்கு நடுபவை 2 மெகாவாட்டுக்கு மேல். மாமாவுக்கு வந்த பங்கு ஒரு 250 கிலோவாட்டில். வயது இருபத்தாறு. கியர்பாக்ஸ் ஒருமுறை மாற்றியாயிற்று. ஏழு பேர் பங்கு, அதில் மூன்று பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு உள்ள மில்லுக்கு அது இன்றும் நல்ல முதலீடு. காற்றுக் காலத்தில் உண்டான யூனிட்டை மின்வாரியக் கணக்கில் சேமித்து, ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் எடுத்துக்கொள்ளும் வசதி பழைய காற்றாலைகளுக்கு இருக்கிறது. புதியவற்றுக்கு அந்தச் சலுகை முன்போல் இல்லை. பல கம்பெனிகள் ஒன்றாகச் சேரும் கூட்டு உற்பத்தி முறையும் உண்டு. பயன்படுத்துகிறவர்கள் கையில் 26 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே எரிக்க வேண்டும். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற இந்தக் காலத்தில் பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்கு இது இரட்டை லாபம். ஆனால் எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பு வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்த யூனிட்டை நம் பில்லில் கழிக்க முடியாது. யாருக்கோ விற்று, வந்த காசை ஏழாகப் பிரித்து, ரிப்பேர் செலவுக்கும் ஏழாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் முதலிலேயே சொன்ன கணக்கில் இது நிற்கவில்லை. மாமாவுக்கு வருத்தம்தான்.

மாமா இன்னொன்றும் வைத்திருந்தார். அப்புச்சி (அம்மாவின் அப்பா) விட்டுப்போன எட்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடு, மூலனூர்ப் பக்கம். சோலார் கம்பெனிக்காரர்கள் சார்பில் ஒரு புரோக்கர் வந்து 28 வருடக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், இங்கே அளவும் பொருந்துகிறது, பக்கத்திலேயே துணைமின் நிலையம். "ஏனம்மணி, சும்மா கெடக்கற காடுதானே?" என்றார் மாமா.

பணக் கணக்கில் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டாம், வருடாவருடம் குத்தகை வரும், மானாவாரியில் கொள்ளு விதைத்து அந்தக் காசைப் பார்க்க முடியாது. ஆனால் சும்மா கிடக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போய்ப் பார்த்தால் தெரியும். நாலு பக்கமும் கிளுவை வேலி, என் தோள் உயரம், கன்றுக்குட்டிகூட நுழைய முடியாத நெருக்கம். உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம், உச்சி வெயிலில் அதன் அடியில் மாடுகள் படுத்து அசைபோடும். மாசியில் பார்த்தால் காய்ந்த கட்டாந்தரை, ஒரு மழை விழுந்தால் எட்டாம் நாள் பச்சை. காங்கயம் மாடு என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். அந்த மாடு வளர்ந்தது தொட்டித் தீவனத்தில் இல்லை, இந்தக் கொரங்காட்டில். வேலியைப் பிடுங்கி, மரத்தை வெட்டி, தரையைச் சமன்படுத்தி, கம்பம் நட்டுவிட்டால் 28 வருடம் கழித்துத் திரும்பக் கைக்கு வரும்போது அது கொரங்காடாக இருக்காது. மாமாவுக்கு இப்போது வயது 61.

சுத்தமான கரண்ட் வேண்டும் என்று நினைப்பவள்தான் நான். அதற்காக மேய்ச்சல் நிலத்தைக் கண்ணாடியால் மூட வேண்டுமா? திருப்பூரிலும் கோவையிலும் எத்தனை தகரக் கூரை வெறுமனே காய்ந்துகொண்டிருக்கிறது. கல் எடுத்து விட்டுப்போன பாறைக்குழி இருக்கிறது, உப்பேறிப் புல்கூட முளைக்காத நிலம் இருக்கிறது. முதலில் அவை நிரம்பட்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். கூடவே குத்தகைப் பத்திரத்தில் பார்க்க வேண்டியதையும் சொன்னேன், ஏனென்றால் காடு அவருடையது, முடிவும் அவருடையது. குத்தகை வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், கம்பெனி கைமாறினால் யார் கொடுப்பார்கள், முடிவில் கம்பத்தையும் கான்கிரீட்டையும் யார் செலவில் தோண்டி எடுப்பார்கள், பத்திரத்தை அடமானம் வைத்து அவர்கள் கடன் வாங்கினால் நமக்கு என்ன. புரோக்கர் கொண்டுவந்த நகலில் இந்த நாலில் ஒன்றுக்குத்தான் பதில் இருந்தது.

பசுமை மின்சாரக் கம்பெனிப் பங்குகளை வாங்கலாம் என்று அண்ணனின் நண்பர் ஒருவர் சொன்னார். அது பங்குச் சந்தை. வெயிலும் காற்றும் நன்றாக இருக்கும் வருடத்திலும் பங்கு விலை பாதியாக விழலாம். ஓய்வுப் பணத்துக்கு அது ஆகாது.

அம்மாவின் தங்கத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. "தங்கம்னா ஆஸ்பத்திரிச் செலவுன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நின்னாலும் காசாகும் கண்ணு. உன்ற சோலாரு ஆகுமா?" என்று கேட்டார். ஆகாது. கூரையில் போட்ட பணத்தைப் பாதியில் உருவ முடியாது. விற்றால் பழைய இரும்பு விலைதான். கணக்கில் இதை நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை, அம்மா சொன்ன பிறகுதான் சேர்த்தேன்.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். கம்பெனிக் கூரைக்கு ஏழரை லட்சம், அப்பா அண்ணனுக்குக் கடனாகக் கொடுப்பதாக எழுதிக்கொண்டு. மிச்சமாகும் கரண்ட் காசிலிருந்து மாதம் பத்தாயிரம் அவன் அப்பாவுக்குத் திருப்பித் தர வேண்டும். அப்பாவுக்கு அது பென்ஷன் மாதிரி. வீட்டு மாடிக்கு, தொட்டி நகர்த்திய செலவோடு சேர்த்து, இரண்டு லட்சத்துச் சொச்சம். மூன்று லட்சம் வங்கியில், யாரும் தொடக்கூடாது. மீதி அம்மாவிடம். மானியப் பணம் 78,000 வந்தால் அதுவும் தனக்குத்தான் என்று அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

வீட்டில் பலகை ஏறி ஆறு வாரம் ஆகிறது. கம்பெனியில் அடிச் சட்டம் போடும் வேலை நடக்கிறது, ஆடிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அண்ணன் நின்றுகொண்டே இருக்கிறான். மாமா புரோக்கருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போன ஞாயிறு மூலனூர் போயிருந்தபோது கொரங்காட்டு வேலியில் விழுந்திருந்த ஒரு சந்தில் புதுக் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் வெட்டிய கிளை) நட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. போத்தை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.